2 முறை சாம்பியன்... ஆனாலும் செய்தியில் ஓரம்தானா? சென்னையின் எஃப்சி ரசிகர்களின் ஆதங்கமும் டெர்பி கணக்கும்!

சென்னையின் எஃப்சி அணி 2015-லும் 2017-18 சீசனிலும் ஐஎஸ்எல் கோப்பையைத் தூக்கியது. கேரளா பிளாஸ்டர்ஸ் 3 முறை ஃபைனல் வரை வந்தும் ஒரு கோப்பைகூட வென்றதில்லை. ஆனாலும் தென்னிந்தியாவில் பெரிய கால்பந்து அணி எது என்று கேட்டால், பலரும் முதலில் சொல்வது மஞ்சள் ஜெர்சிக்காரர்களைத்தான். சிஎஸ்கே இல்லை, இது கொச்சி மஞ்சள்!

'ஜெயிச்சது நாங்க, பேசப்படுறது அவங்களா?' என்பது சென்னை ரசிகர்களின் பழைய ஆதங்கம். இதற்கு ஊடகம் மட்டும்தான் காரணமா? அல்லது தமிழ்நாட்டுக் கால்பந்தில் வேறு ஏதோ ஒன்று குறைகிறதா? விரிவாகப் பார்க்கலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும், ஐஎஸ்எல் தொடரை நடத்திவந்த எஃப்எஸ்டிஎல் நிறுவனத்துக்கும் இடையே 15 ஆண்டு ஒப்பந்தம் இருந்தது. அது 2025 டிசம்பரில் முடியவிருந்த நிலையில், அடுத்து என்ன என்று முடிவாகாததால் ஜூலை மாதமே புதிய சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தனது செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. வணிக உரிமைக்கு விடப்பட்ட டெண்டருக்கு நவம்பர் 7 கெடு முடியும்வரை ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை.

ஒருவழியாக 2026 ஜனவரி 6-ம் தேதி, 14 அணிகளுடன் பிப்ரவரி 14-ல் தொடர் தொடங்கும் என்று மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவித்தார். மொத்தம் 91 ஆட்டங்கள். அதாவது ஒவ்வொரு அணியும் மற்ற அணியுடன் ஒரே ஒரு முறைதான் மோதும்.

இந்தக் கடைசி வரியில்தான் ரசிகர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. வழக்கமாகச் சென்னையில் ஒரு மேட்ச், கொச்சியில் ஒரு மேட்ச் என்று நடக்கும். இந்த அமைப்பில் இரண்டில் ஒன்றுதான். மற்ற ஊர் ரசிகர்களுக்கு டெர்பி என்பது டிவியிலோ மொபைலிலோ பார்க்கும் ஆட்டம் மட்டுமே.

டெர்பி எப்படிச் செய்தியாகிறது?

டெர்பி என்றால் ஒரே ஊரைச் சேர்ந்த, அல்லது பக்கத்துப் பக்கத்து ஊர்களைச் சேர்ந்த பரம வைரி அணிகள் மோதும் ஆட்டம். இந்தியாவில் இதற்குப் பெயர்போன ஊர் கொல்கத்தா.

மோகன் பகான் 1889-ல் தொடங்கப்பட்டது, ஈஸ்ட் பெங்கால் 1920-ல். நூறு ஆண்டுகளாக இந்த இரண்டு அணிகளும் மோதுகின்றன. மோகன் பகான் ஜெயித்தால் இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன் என்று மீன் மார்க்கெட் வரைக்கும் இந்தப் போட்டி போகும். 1997-ல் நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைப் பார்க்க சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000-க்கும் அதிகமானோர் கூடினார்கள்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இங்கே செய்தி ஆட்டத்தோடு முடிவதில்லை. மேட்சுக்கு ஒரு வாரம் முன்பே டிக்கெட் வரிசை செய்தியாகும். யாருக்குக் காயம், யார் ஆடுவார் என்பது செய்தியாகும். தோற்றால் அடுத்த ஒரு வாரம் அலசல் ஓடும். 90 நிமிட ஆட்டம் 15 நாள் செய்தியாக நீள்கிறது. ஒரு பத்திரிகை அலுவலகத்துக்கோ டிவி சேனலுக்கோ இதைவிட வேறென்ன வேண்டும்?

இதில் ஒரு சென்னைக் கதையும் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 12-ல் நடந்த டூரண்ட் கோப்பை டெர்பியில் ஈஸ்ட் பெங்கால் 1-0 என வென்றது. நான்கு ஆண்டுகளுக்கும் மேல் டெர்பி வெற்றியே பார்க்காத அணி அது. அந்த ஒற்றை கோலை அடித்தவர் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். ஒரே இரவில் கொல்கத்தாவில் பாதிப் பேருக்கு அவர் ஹீரோ ஆனார். அதே நந்தகுமார் முன்பு சென்னை சிட்டி அணிக்காக ஆடியபோது இவ்வளவு பேச்சு எழவில்லை.

கேரளாவில் கொஞ்சம் வேறு மாதிரி. மலப்புரம், கோழிக்கோடு பக்கம் 'செவன்ஸ்' கால்பந்து ஊருக்கு ஊர் நடக்கும். 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு அருகே புல்லாவூர் ஆற்றில் ரசிகர்கள் மெஸ்ஸிக்கு 30 அடியில் கட்-அவுட் வைக்க, எதிர்த்தரப்பு நெய்மருக்கு 40 அடியில் வைத்தது. அடுத்து ரொனால்டோவும் வந்தார். அது உலகச் செய்தி ஆனது. கட்-அவுட் போட்டி தமிழ்நாட்டுக்குப் புதுசா என்ன? இங்கே அது சினிமாவுக்கு, அங்கே கால்பந்துக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

சென்னையின் பரம வைரி யார்?

இருவர். ஒன்று கேரளா பிளாஸ்டர்ஸ், இன்னொன்று பெங்களூரு எஃப்சி.

கேரளாவுடனான கணக்கு முதல் சீசனிலேயே தொடங்கிவிட்டது. 2014 அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கொச்சியில் கேரளா 3-0 என வென்றது. சென்னையில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் சென்னையின் எஃப்சி 3 கோல் அடித்துச் சமன் செய்தது. கூடுதல் நேரம் முடிய 3 நிமிடம் இருக்கும்போது ஸ்டீபன் பியர்சன் அடித்த கோலால் கேரளா ஃபைனலுக்குப் போனது. அந்த வலியை ஞாபகம் வைத்திருக்கும் சென்னை ரசிகர்கள் இன்றும் உண்டு.

பெங்களூரு கணக்கில் சென்னையின் கை ஓங்கியது. 2018 மார்ச் 17-ல் அவர்களின் சொந்த மண்ணான கண்டீரவா மைதானத்திலேயே ஃபைனலில் 3-2 என வீழ்த்தி இரண்டாவது கோப்பையை வென்றது சென்னை.

இந்த இரண்டு அணிகளுடனும் மோதும்போது, நேரு மைதான கேலரியில் 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' ரசிகர் குழுக்களின் சத்தம் வேறு லெவலில் இருக்கும். ஆனால் இரண்டுமே பக்கத்து மாநில அணிகள். தமிழ்நாட்டுக்குள் ஒரு டெர்பி கிடையாது. பிரச்னையின் வேர் இங்கேதான்.

கைக்கு எட்டி நழுவிய வாய்ப்பு

ஒரு காலத்தில் அந்த டெர்பிக்கான அணி இருந்தது. பெயர் சென்னை சிட்டி எஃப்சி. பெயரில் சென்னை இருந்தாலும் கோவை நேரு மைதானம்தான் அதன் களம்.

2019 மார்ச் 9-ம் தேதி கோவையில் மினெர்வா பஞ்சாப்பை 3-1 என வீழ்த்தி, 43 புள்ளிகளுடன் ஐ-லீக் சாம்பியன் ஆனது அந்த அணி. ஈஸ்ட் பெங்கால் எடுத்தது 42. ஒரே புள்ளியில் கொல்கத்தாவின் கனவைக் கோவை கலைத்தது! அந்த அணியின் பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் அணி 26 சதவீதப் பங்கை வாங்கியது. அடுத்த இரண்டரை மாதத்தில், மதுரையின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது.

ஒரே ஆண்டில் ஆண்கள், பெண்கள் என இரண்டு தேசியப் பட்டங்கள். ஆனால் இது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த ஐ-லீக் சீசனின் பாதியிலேயே, மீதமிருந்த ஆட்டங்களில் பலவற்றை ஒளிபரப்பப் போவதில்லை என்று ஒளிபரப்பாளர் அறிவித்தது. ஐ-லீக் அணிகள் கொந்தளித்தன. திரையில் வராத ஆட்டம் மறுநாள் பேச்சிலும் வராது, ஸ்பான்சரிடமும் போய்ச் சேராது. 2020-21 சீசனுக்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கில் இல்லை. சென்னையா கோவையா என்று லீக்கில் ஆண்டுதோறும் மோதியிருக்க வேண்டிய டெர்பி, தொடங்கும் முன்பே முடிந்துபோனது.

ஊடகம் மட்டும்தான் காரணமா?

நியாயமாகப் பார்த்தால், இல்லை.

தமிழ்நாட்டில் விளையாட்டுச் செய்தி என்றாலே கிரிக்கெட்தான் என்ற நிலை ஒருபக்கம். இரவு 7.30-க்குத் தொடங்கும் மேட்ச் முடிய 9.30 தாண்டிவிடும். மாவட்டப் பதிப்புகள் அச்சுக்குப் போகும் நேரத்தில் ஸ்கோர் வந்தாலே பெரிய விஷயம், அலசலுக்கு ஏது நேரம்?

கொரோனாவும் ஒரு காரணம். 2020 ஃபைனலில் சென்னை ஆடியது ஆளில்லாத கோவா மைதானத்தில். அடுத்த 2 சீசன்களும் முழுக்க கோவாவிலேயே நடந்தன. அத்தனை நாளும் சொந்த ஊரில் ஒரு மேட்ச்கூட இல்லை. ரசிகர் பழக்கம் அறுந்துபோக அதுவே போதும்.

ஆனால் ஊடகம் தப்பிக்க முடியாத கேள்வி ஒன்று உண்டு. 'வாசகர்கள் படிக்க மாட்டார்கள்' என்பதால் செய்தி போடுவதில்லை. செய்தி வராததால் வாசகர்களுக்கு வீரர்களின் பெயரே தெரிவதில்லை. பெயர் தெரியாத வீரரைப் பற்றி யார் படிப்பார்கள்? இந்த வட்டத்தை யாராவது ஒரு இடத்தில் உடைக்க வேண்டும்.

கருவேப்பிலங்குறிச்சி ரசிகருக்கு என்ன கிடைக்கிறது?

சென்னையில் இருப்பவர் மைதானத்துக்குப் போய்விடலாம். பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியில் இருப்பவர் என்ன செய்வார்? சென்னை 200 கிலோமீட்டருக்கும் மேல். மேட்ச் முடிந்து எழும்பூர் வந்து ரயில் பிடித்தால் வீடு சேர விடிந்துவிடும். டிக்கெட் காசைவிடப் பயணக் காசும் மறுநாள் வேலையும்தான் பெரிய செலவு.

அவருக்கு மைதானம் என்பதே மொபைல்தான். தமிழில் கமெண்டரி, தமிழில் ஒரு முன்னோட்டம், மேட்ச் முடிந்ததும் ஒரு அலசல். இவை இருந்தால் அவர் சென்னையின் எஃப்சி ரசிகர். இல்லையென்றால் அதே மொபைலில் மான்செஸ்டர் யுனைடெட்டோ பார்சிலோனாவோ அவரை இழுத்துக்கொள்ளும். சென்னை அணிக்கு ரசிகர்களைப் பிடிப்பதில் உண்மையான போட்டி கொச்சியுடன் அல்ல, ஐரோப்பாவுடன்.

என்ன மாறினால் நிலைமை மாறும்?

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2024-ல் சூப்பர் லீக் கேரளா தொடங்கப்பட்டது. கோழிக்கோடு, கண்ணூர், மலப்புரம், திருச்சூர், கொச்சி, திருவனந்தபுரம் என 6 ஊர் அணிகள். ஊர்ப் பெயரைச் சொன்னாலே பேச்சு தானாக வளரும் அமைப்பு அது. கிரிக்கெட்டில் தமிழ்நாடு இதை 2016-லேயே டிஎன்பிஎல் மூலம் செய்துவிட்டது. கோவை, திண்டுக்கல், மதுரை என ஊர் பெயரில் அணிகள் இருப்பதால் உள்ளூர்ப் பேச்சும் இருக்கிறது. கால்பந்துக்கு அப்படி ஒன்று வந்தால் சென்னை ரசிகருக்கு மாநிலத்துக்குள்ளேயே ஒரு எதிரணி கிடைக்கும், மாவட்டப் பதிப்புகளுக்குச் செய்தியும் கிடைக்கும்.

எதிரணி என்றால் வெறுப்பு என்று அர்த்தமில்லை. 2024 ஆகஸ்டில் பாதுகாப்பு காரணம் சொல்லி கொல்கத்தா டெர்பி ரத்து செய்யப்பட்டபோது, மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் ஒன்றாகத் தெருவில் இறங்கி, கொலை செய்யப்பட்ட ஆர்.ஜி.கர் பயிற்சி மருத்துவருக்கு நீதி கேட்டார்கள். நூறு ஆண்டு பகைதான் அவர்களை ஒருவரையொருவர் அவ்வளவு நன்றாகத் தெரிந்தவர்களாக ஆக்கியிருந்தது.

2026 பிப்ரவரி 14-ல் பந்து மீண்டும் உருளும் என்பதுதான் அறிவிப்பு. சென்னையின் எஃப்சி ஆட்டங்கள் எந்தத் திரையில், எந்த மொழியில் வரும் என்பதுதான் வெளியூர் ரசிகர்களுக்கு முக்கியமான கேள்வி. மூன்றாவது கோப்பை வருமா என்பது அதற்குப் பிறகுதான்.