தோளிலே சுமக்கத்தக்க வேலி

வேலியைப் பற்றி நம்மவர் சிந்தித்த அளவு, வீட்டோடு சேர்ந்த வேறு எப்பொருளைப் பற்றியும் சிந்தித்திருப்பரோ என்பது ஐயமே. "வேலியே பயிரை மேய்ந்தது" என்பர். "வேலிக்கு ஓணான் சாட்சி" என்பர். பழமொழி மட்டுமன்று, வேலியின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு தனிப்பெயர் வைத்திருக்கின்றோம். ஊன்றி நிற்பது கதியால். குறுக்கே கட்டுவது வரிச்சு. வளவின் வாயிலை மூடுவது படலை. அயலவர் புகுந்து வர விட்ட சிறு வழி பொட்டு. இத்துணைச் சொற்களுள் இளைஞர் பலர் இன்று மறந்துவிட்ட ஒன்று உண்டு. அதுவே படல் என்பது. இவ்வாரம் அச்சொல்லை எடுத்துக்கொள்வோம்.

ஓலையாலோ மூங்கிலாலோ முள்ளாலோ ஓரிடத்திற் பின்னி, வேண்டிய இடத்துக்குத் தூக்கிச் சென்று நிறுத்தி, வேண்டாதபோது எடுத்துவிடத்தக்க தட்டியே படல். மன்னாருக்கு எதிர்க்கரையில், இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில், ஆட்டுக் கிடை போடுவோர் இவ்வகைத் தட்டிகளைக் கையாள்வர். இன்று ஒரு வயலிற் கிடை. சில நாள் கழித்து வேறொரு வயலிற் கிடை. ஆடு நகர, அடைப்பும் உடன் நகரும். கடல் பல கடந்த இங்கிலாந்திலும் இதுவே நிகழ்ந்தது. அந்நாட்டு ஆயர் மெல்லிய மரக்கொம்புகளால் ஏறத்தாழ ஆறடி நீளப் படல்களைப் பின்னி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை விட்டுவைத்தனர். அத்துளை காற்றுக்காக அன்று. பல படல்களை அடுக்கி, ஒரு கழியை அத்துளைகளூடே செலுத்தி, தோளிற் சுமந்து செல்வதற்காக! படல் எவ்வாறு நிற்கும் என்பதோடு, எவ்வாறு சுமக்கப்படும் என்பதையும் பின்னும்போதே அவ்வாயர் எண்ணிவிட்டனர். நாம் இன்று சொல்லவந்த பொருள் முழுவதும் அத்துளையில் அடங்கியிருக்கிறது.

மன்னார்த் தீவிலும் அதன் எதிரேயுள்ள பெருநிலக் கரையிலும் பழைய வேலி இந்நெறியையே பின்பற்றியது. தென்னோலையை ஊறவைத்துப் பின்னிய கிடுகு, ஓர் அளவுடைய தட்டி. மிதித்துப் படியவைத்த பனையோலையும் அத்தகையதே. இரண்டும் கட்டுக்கட்டாக வண்டியில் ஏறும். ஒரு சிறுவன் தலையிலும் ஏறும். வேலி அடைக்கும் நாளில் வேலிக்கு உள்ளே ஒருவரும் வெளியே ஒருவரும் நின்று, குத்தூசியில் நாரைக் கோத்து ஒருவர்க்கொருவர் நீட்டி, வரிச்சோடு ஓலையை இறுக்கிக் கட்டுவர். ஆகவே வேலி அடைக்க அயலவர் இசைவு வேண்டும். "அக்கா, நாளைக்கு வேலி அடைக்கப் போறம். உங்கட பக்கம் ஒருக்கா வந்து நிக்கலாமோ?" என்று கேட்டுவிட்டே வேலை தொடங்கும். பிரிப்பதற்காகக் கட்டும் வேலி, கட்டும்போது இருவரைச் சேர்த்துவிடும். உக்கிய ஓலையும் வீணாகாது, தோட்டத்துக்கு எருவாகும்.

அக்காலம் பெரும்பாலும் மாறிவிட்டது. மாறியதற்குக் காரணம் நாகரிகம் மட்டுமன்று. 1990 ஒக்டோபரில், மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். புத்தளக் கரையில் ஒதுங்கிய அவர்களிற் பலருக்கு ஆண்டுக்கணக்கில் நிழலாக நின்றது கிடுகுக் கொட்டிலே. 2008இல், போர் பெருநிலப் பரப்பிற் கிழக்கு நோக்கி நகர்ந்தபோது, மாந்தை, மடுப் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்கள் கூரைத் தகடுகளையும் கதவுகளையும் யன்னல்களையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டன. கழற்றத்தக்கதாக இருந்தவை உடன் சென்றன. மற்றவை அங்கேயே நின்றன. ஒரு பொருளைக் கழற்றிச் சுமக்க முடியுமா என்னும் கேள்வி, இக்கரையில் வாழ்வோர்க்குத் தச்சுப் பட்டறைக் கேள்வி மட்டும் அன்று.

மீண்டு வந்தவர்கள் பற்றை வெட்டி, எல்லையைக் கண்டு, வளவை அடைக்க முற்பட்டனர். சிலர் தகரம் நிறுத்தினர். வசதியுள்ளோர் மதில் எழுப்பினர். சிலர் மரச்சட்டமிட்ட வேலியை நாடினர். தகரம் வெயிலிற் காய்ந்து அனல் வீசும், காற்றில் ஓலமிடும், உப்பங்காற்றில் துருவேறும். மதிலுக்குப் பொருள் வேண்டும். மரவேலி இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நல்ல வழியே. ஆயினும் அதனைப் பட்டறை மேசையில் அழகாகச் செய்துவிட்டு, பின்பு நாலுபேர் சேர்ந்தும் ஒழுங்கைக்குள் திருப்பமுடியாமல் தவிக்கும் நிலை வரக்கூடாது. தீவின் சிற்றூர்களில் மணல் ஒழுங்கைகள் பல. லொறி பெருந்தெருவிலேயே நின்றுவிடும். எஞ்சிய தூரம் தோளுக்கு உரியது. எனவே மரப்படலின் முதல் அளவுகோல் தச்சனின் மேசையன்று. தூக்குபவர் தோளே ஆகும்.

மாணவர்கள் பின்வரும் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆறடி நீளமும் நாலடி உயரமும் உள்ள ஒரு படல். மேலும் கீழும் இரண்டங்குலச் சதுரச் சட்டங்கள் இரண்டு. அவற்றின்மேல் மூன்றங்குல அகலமும் முக்கால் அங்குலத் தடிப்பும் உள்ள நிலைப்பலகைகள் 16. பலகைகளின் கன அளவு 1,728 கன அங்குலம். அஃதாவது சரியாக ஒரு கன அடி. சட்டங்கள் 576 கன அங்குலம். கன அடியில் மூன்றிலொன்று. இப்படலைத் தேக்கிற் செய்தால் ஏறத்தாழ 25 கிலோ நிறுக்கும். வன்னிக் காட்டுப் பாலை மரத்திற் செய்தால் ஏறத்தாழ 40 கிலோ நிறுக்கும். வடிவம் ஒன்றே, அளவும் ஒன்றே. முன்னதை ஒருவர் தூக்கலாம். பின்னதற்கு இருவர் வேண்டும். மரம் இன்னதென்று துணிந்த பின்பே படலின் நீளத்தைத் துணிதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். பாலைதான் கிடைக்குமெனில், ஆறடியை நாலடியாகக் குறைத்தல் அறிவுடைமை.

அடுத்துக் கவனிக்கவேண்டியது காற்று. மன்னாரின் காற்றுக்குச் சான்று தேட வேண்டியதில்லை. 2020 டிசெம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலையின் 30 சுழலிகள் தீவின் தென்கரையில் நிரையாக நிற்கின்றன. அவற்றின் நன்மை தீமை பற்றித் தீவு மக்களிடையே வழக்கு உண்டு. அது வேறு பொருள். சோழகம் வீசும் மாதங்களில் இந்நிலத்தில் நிற்கும் எப்பொருளும் காற்றுக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்பதே நமக்கு வேண்டியது. நாம் கூறிய அளவுள்ள படல் இடைவெளியே இல்லாத தட்டையாக இருக்குமாயின், மணிக்கு 54 கிலோமீற்றர் வேகக் காற்று அதனை ஏறத்தாழ 38 கிலோ எடைக்கு ஒப்பான விசையோடு தள்ளும். வேகம் இருமடங்கானால் விசை நான்மடங்காகும். அஃதாவது 150 கிலோவுக்கு மேல். தகர வேலிகள் ஏன் சாய்கின்றன என்பது இப்போது விளங்கும். 16 பலகைகளை மூன்றங்குல அகலத்தில் அடித்தால், இடையிடையே ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட வெளி விழும். அவ்வெளியாற் காற்றின் ஒரு பங்கு உட்புகுந்து தணியும். முற்றாக அடைத்த சுவரின் பின்னே காற்றுச் சுழன்று மண்ணை வாரும். பாதியளவு திறந்த வேலியின் பின்னேயுள்ள பயிரோ நெடுந்தூரம் அமைதி பெறும். நம் மட்டை வேலி இதனை நூல் படியாமலே அறிந்திருந்தது.

மூன்றாவது, மூட்டு. 1859இல் ஐரோப்பாவில் மைக்கேல் தொனே என்பார் ஒரு நாற்காலி செய்தார். ஆறு மரத்துண்டுகள், சில மரையாணிகள்; அவ்வளவே. ஒரு கன மீற்றர்ப் பெட்டிக்குள் இத்தகைய 36 நாற்காலிகளைக் கழற்றிய நிலையில் அடுக்கி உலகெங்கும் அனுப்பினர். அந்நாற்காலி பரவியதற்கு அதன் அழகு ஒரு காரணம் எனின், அது கழன்றமை மற்றொரு காரணம். வேலிக்கும் இந்நெறி பொருந்தும். தூண் வேறு, படல் வேறு என்று பிரித்துவிடுக. தூணை முதலில் நட்டு இறுகவிடுக. தூணின் பக்கத்தில் மேல்நோக்கி வளைந்த இரும்புக் கொளுக்கி இரண்டும், படலின் சட்டத்தில் அவற்றுக்கு ஒத்த வளையம் இரண்டும் அமைத்தால், படலைத் தூக்கி மாட்டுவதே வேலை. காற்றில் எழும்பாதபடி ஒரு மரையாணியும் சுரையும் போதும். அல்லது இருபுறமும் தவாளிப்பு விட்ட சீமெந்துத் தூண்களின் இடையே படலை மேலிருந்து இறக்கிவிடலாம். எவ்வாறாயினும் ஆணி அடித்து முடக்குதல் ஆகாது. உப்பங்காற்றில் இரும்பாணி துருவேறிப் பருக்கும். பின்பு கழற்றும்போது மரமே பிளக்கும். நாகம் பூசிய இரும்பு விலை கூடியதாயினும் ஈற்றில் மலிவானது.

நான்காவது, நிலத்தின் ஏற்ற இறக்கம். தீவின் மணல்மேடுகளில் எவ்வளவும் மட்டமில்லை. இங்கே கேத்திரகணிதம் கைகொடுக்கும். நாற்பக்க உருவின் மூலைகளில் ஒவ்வோர் ஆணி மட்டும் இருந்தால் அது சரியும். மூலைவிட்டமாக ஒரு சட்டம் இட்டதும் முக்கோணங்களாகி அசையாது நிற்கும். ஆகவே நிலைப்பலகை ஒவ்வொன்றையும் மேற்சட்டத்தில் ஒரு மரையாணி, கீழ்ச்சட்டத்தில் ஒரு மரையாணி என்ற அளவிற் பொருத்திவிட்டு, மூலைவிட்டச் சட்டத்தைத் தனியே கொண்டுசெல்க. நிலத்தில் நிறுத்தி, சரிவுக்கு ஏற்பச் சட்டங்களைச் சாய்த்து, பலகைகள் செங்குத்தாக நிற்பதைத் தூக்குநூலாற் பார்த்த பின், மூலைவிட்டத்தைப் பூட்டுக. பட்டறையிற் குற்றமாகத் தோன்றிய தளர்ச்சி, நிலத்திற் குணமாகிவிடும். படலின் அடி மண்ணிலிருந்து இரண்டங்குலமாவது உயர்ந்து நிற்கட்டும். மணல் கீழே ஓடிப்போகும். ஈரமும் கறையானும் பலகையை எளிதில் எட்டா.

இனி, மரத்தின் விலையைக் கேட்டு மலைப்போர்க்கு ஒரு வழி உண்டு. படலின் நாற்புறச் சட்டத்தை மட்டும் மரத்தாற் செய்து, நடுவிடத்தைப் பனைமட்டையாலோ கிடுகாலோ நிரப்பலாம். நாம் கூறிய அளவில் நாற்புறச் சட்டத்துக்கு வேண்டிய மரம் கன அடியில் ஏறத்தாழப் பாதியே. தேக்காயின் 10 கிலோ, பாலையாயின் 17 கிலோ. சட்டம் பல்லாண்டு நிற்கும். நிரப்பியது உக்கினால், படலைக் கழற்றி முற்றத்து நிழலில் வைத்துக் கட்டிக்கொள்ளலாம். சட்டம் தச்சனுடைய தொழில். நிரப்புதல் வீட்டாருடைய தொழில். பழைய அறிவும் புதிய மூட்டும் ஒன்றையொன்று தள்ளாமல் ஒரே வேலியில் நிற்கக்கூடும்.

எல்லாப் படலும் ஓரளவினவாக இருத்தலின் பயன் நாட்பட நாட்பட விளங்கும். தெருப்பக்கத்தில் ஒன்று முறிந்தால், பின்வளவிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டலாம். பழுதுபார்க்க வள்ளத்தை வளவுக்குள் கொணர வேண்டின் இரண்டு படல்களை எடுத்து வழிவிடலாம். கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் அயல் வளவைச் சேர்த்துக்கொள்ள வேலியை நீக்கும் நம் பழக்கத்துக்கும் இது இசைந்ததே. நீக்கியதை மறுநாட் காலையில் திரும்ப மாட்டிவிடலாம்.

இவற்றையெல்லாம் விட மேலான கேள்வி ஒன்றுண்டு. போருக்குப் பின் வடமாகாணத்தில் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் மிகப் பல. முன்னர் வேலி அடைத்த கைகள் அவ்வீடுகளில் இல்லை. ஒரு படல் சாய்ந்தால், கூலியாள் வரும்வரை வளவு திறந்தே கிடக்கும். ஆடும் கழுதையும் புகுந்து கத்தரிக் கன்றை மேய்வது ஒருபுறம். இரவில் அவ்வீட்டார் அச்சமின்றி உறங்கமுடியாமை மறுபுறம். தாயும் மகளும் இருபக்கம் பிடித்துத் தூக்கத்தக்க படலாக, வீட்டிலுள்ள ஒரு சாவியாற் பூட்டி அவிழ்க்கத்தக்க மூட்டாக இருந்தால், அவ்வேலி அன்று மாலையே நிமிர்ந்துவிடும்.

ஆகவே, மரவேலி செய்விக்க எண்ணும் வாசகர்கள் தச்சரிடம் விலையைக் கேட்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்பாராக: ஒரு படல் எவ்வளவு நிறுக்கும்? அதை எதிலே ஏற்றி, எவ்வழியாகக் கொண்டுவருவது? முறிந்தால் எம் வீட்டார் தாமே கழற்றி மாட்டக்கூடுமா? நல்ல தச்சர் இக்கேள்விகளாற் சினங்கொள்ளார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, மீண்டும் ஒருமுறை அளக்கத் தொடங்குவார்.