இ-ரெசிடென்சி அட்டை இருந்தால் எஸ்டோனியாவில் குடியேறிவிடலாமா? ஸ்டார்ட்-அப் நிறுவனர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

‘ஐரோப்பாவில் கம்பெனி தொடங்க விமானம் ஏற வேண்டாம், லேப்டாப் போதும்’ என்கிற விளம்பரத்தை ரீல்ஸ் பார்க்கும்போது நடுவில் பார்த்திருப்பீர்கள். விளம்பரம் சொல்வது பொய் இல்லை. பால்டிக் கடலோரம் இருக்கும் எஸ்டோனியா என்ற சின்ன நாடு, 2014 டிசம்பரில் இருந்து வெளிநாட்டவர்களுக்கு ‘இ-ரெசிடென்சி’ என்ற டிஜிட்டல் அடையாள அட்டையைக் கொடுத்து வருகிறது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வாங்கியிருக்கிறார்கள்.

சிக்கல் அந்தப் பெயரில்தான் தொடங்குகிறது. ‘ரெசிடென்சி’ என்றால் குடியிருப்பு. அதனால், “கார்டு வந்தாச்சு, அடுத்து டிக்கெட் போட வேண்டியதுதானே?” என்று நினைப்பவர்கள் நிறைய. வேலையை விட்டுவிட்டு, சேமிப்பை எடுத்து, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் பிறகு உண்மை தெரிந்தால், நஷ்டம் பணம் மட்டும் இல்லை.

எனவே முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

இ-ரெசிடென்சி என்ன தரும், என்ன தராது?

அட்டையோடு ஒரு கார்டு ரீடரும் ரகசிய எண்களும் வரும். ஒரு எண் நீங்கள்தான் என்று நிரூபிக்க, இன்னொன்று ஆவணங்களில் டிஜிட்டல் கையெழுத்துப் போட. இதை வைத்து எஸ்டோனியாவில் நிறுவனத்தைப் பதிவு செய்யலாம், ஒப்பந்தங்களில் கையெழுத்திடலாம், அங்கே வரிக் கணக்குத் தாக்கல் செய்யலாம். எல்லாம் சென்னையில் உட்கார்ந்தபடியே.

அட்டையில் உங்கள் புகைப்படம்கூட இருக்காது. அது பயண ஆவணம் இல்லை. அதைக் காட்டி எஸ்டோனியாவுக்குள் நுழைய முடியாது, தங்க முடியாது, குடியுரிமையும் கேட்க முடியாது. தாலின் நகரத்துக்கு இரண்டு நாள் போய்வர வேண்டும் என்றாலும், மற்ற இந்தியர்களைப் போல ஷெங்கன் விசா எடுக்கத்தான் வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், இ-ரெசிடென்சி உங்கள் கம்பெனிக்கு ஒரு முகவரி. உங்களுக்கு வீடு வேண்டும் என்றால் கதவு வேறு.

அந்த வேறு கதவு எது?

2017-ல் எஸ்டோனியா தொடங்கிய ஸ்டார்ட்-அப் விசா திட்டம்தான் அது. ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே இருந்து வரும் நிறுவனர்கள் அங்கே வந்து தங்கித் தொழில் செய்ய இது வழி கொடுக்கிறது.

இதற்கு அந்த நாட்டின் கதையில் காரணம் இருக்கிறது. எஸ்டோனியாவின் மக்கள்தொகை சுமார் 14 லட்சம்தான். ஆனால், 2003-ல் வெளிவந்த ஸ்கைப் மென்பொருளை எழுதியது தாலினில் இருந்த பொறியாளர்கள். அதை 2005-ல் இ-பே வாங்கியபோது உள்ளூரில் பணமும் அனுபவமும் சேர்ந்தன. வைஸ், போல்ட் போன்ற நிறுவனங்களின் வேரும் அங்கேதான். நிறுவனங்கள் வளர்ந்தன, ஆட்கள் போதவில்லை. அந்தப் பற்றாக்குறைக்கு ஒரு பதில்தான் இந்த விசா.

சாதாரணமாக ஐரோப்பிய யூனியனுக்கு வெளியில் இருந்து வரும் ஒருவர் எஸ்டோனியாவில் தொழில் நடத்தக் குடியிருப்பு அனுமதி கேட்டால், தன் நிறுவனத்தில் குறைந்தது 65,000 யூரோ முதலீடு செய்திருக்க வேண்டும். அதோடு ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற ஒதுக்கீடும் உண்டு. அது நாட்டின் நிரந்தர மக்கள்தொகையில் 0.1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, அதாவது ஆயிரத்தில் ஒருவர். ஸ்டார்ட்-அப் நிறுவனர்களுக்கு இந்த இரண்டு நிபந்தனைகளில் இருந்தும் விலக்கு. பெரிய முதல் இல்லாத இளம் நிறுவனர்களுக்கு இந்தத் திட்டத்தின் உண்மையான சலுகை இதுதான்.

விண்ணப்பம் எப்படி நகர்கிறது?

மொத்தம் இரண்டு கட்டம். இரண்டையும் வேறு வேறு ஆட்கள் பார்க்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது.

முதல் கட்டத்தில் ‘ஸ்டார்ட்-அப் கமிட்டி’ பார்க்கும். இதில் இருப்பவர்கள் எஸ்டோனியாவின் ஸ்டார்ட்-அப் உலகத்தைச் சேர்ந்தவர்கள். என்ன பிரச்சினையைத் தீர்க்கிறீர்கள், யார் வாடிக்கையாளர், போட்டியாளர் யார், குழுவில் யார் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்பதை இணையப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். இதை நிறுவனரே நேரடியாக நிரப்பலாம். ஏஜென்ட் வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சொல்லப்போனால், தன் தொழிலைப் பற்றித் தானே எழுத முடியாத நிறுவனரை எந்தக் கமிட்டி நம்பும்?

இரண்டாவது கட்டம் அரசாங்கம். கமிட்டி ‘இது ஸ்டார்ட்-அப்தான்’ என்று சொன்னபிறகு விசாவுக்கோ குடியிருப்பு அனுமதிக்கோ விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் இருப்பவர்களுக்குப் புது டெல்லியில் உள்ள எஸ்டோனியத் தூதரகம். குடியிருப்பு அனுமதியை முடிவு செய்வது அந்நாட்டின் காவல் மற்றும் எல்லைக் காவல் வாரியம். கையில் செலவுக்குப் பணம் இருக்கிறதா, மருத்துவக் காப்பீடு இருக்கிறதா, பின்னணி சுத்தமா என்று அவர்கள் தனியாகப் பார்ப்பார்கள். கமிட்டி தலையாட்டியது என்பதற்காக விசா வந்தே தீரும் என்று எந்த விதியும் இல்லை.

கிடைப்பது இரண்டு வகை. ஒன்று ‘டி விசா’ எனப்படும் நீண்டகால விசா, அதிகபட்சம் 365 நாள். இன்னொன்று தற்காலிகக் குடியிருப்பு அனுமதி, அதிகபட்சம் 5 ஆண்டு. துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் தனியாக விண்ணப்பித்து உடன் அழைத்துச் செல்ல வழி உண்டு.

இந்த அனுமதியை வைத்து மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போய்வரலாம். ஆனால், 180 நாளில் 90 நாள் வரைதான். பெர்லினில் வீடு எடுத்துத் தங்கிக்கொண்டு, காகிதத்தில் மட்டும் தாலினில் இருப்பது நடக்காது.

எல்லா கம்பெனியும் ஸ்டார்ட்-அப் ஆகுமா?

நிறைய விண்ணப்பங்கள் தடுமாறும் இடம் இது. எஸ்டோனியச் சட்டத்தின் பார்வையில் ஸ்டார்ட்-அப் என்றால் புதுமை இருக்க வேண்டும், அதே மாதிரியைத் திரும்பத் திரும்பச் செய்ய முடிய வேண்டும், உலக அளவில் வளரும் வாய்ப்பு இருக்க வேண்டும், எஸ்டோனியத் தொழில்சூழலுக்கும் பங்களிக்க வேண்டும்.

ஓர் உதாரணம். கோவையில் 10 பேர் வேலை செய்யும் ஒரு வெப்சைட் வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல வருமானம், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள், தவறாத சம்பளம். ஆனால், வேலை இரண்டு மடங்கு வந்தால் ஆளும் இரண்டு மடங்கு எடுக்க வேண்டும். இது நல்ல தொழில், ஆனால் மேலே சொன்ன வரையறைக்குள் வராது. அதே பத்துப் பேர், சின்ன ஜவுளி ஆலைகள் தங்கள் சாயக் கழிவைத் தாங்களே கண்காணிக்க ஒரு கருவியும் மென்பொருளும் செய்து, அதை எந்த நாட்டு ஆலைக்கும் விற்க முடியும் என்றால் கதை வேறு.

உணவகம், கடை, கன்சல்டன்சி போன்றவற்றுக்கு இந்தக் கதவு திறக்காது. அதற்குப் பெயர் தோல்வி இல்லை. தவறான வரிசையில் நின்றோம் என்பது மட்டும்தான்.

‘ஜீரோ டாக்ஸ்’ உண்மையா?

பாதி உண்மை. எஸ்டோனியாவில் நிறுவனம் சம்பாதித்த லாபத்தை உள்ளேயே வைத்திருந்தால் நிறுவன வரி இல்லை. லாபத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது வரி வரும். 2025-ல் இருந்து அந்த விகிதம் 22 சதவீதம்.

மீதிப் பாதி இந்தியாவில் இருக்கிறது. நீங்கள் இங்கே வசித்துக்கொண்டு அங்கே கம்பெனி வைத்திருந்தால், இந்திய விதிகள் உங்களைத் தொடர்ந்து வரும். பட்டியலிடப்படாத வெளிநாட்டு நிறுவனத்தில் பங்கு வாங்குவது, 2022-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகளின்படி வெளிநாட்டு நேரடி முதலீடு. வங்கி வழியாக முறைப்படி பதிவு செய்தபிறகே பணம் அனுப்ப வேண்டும். தனிநபர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடிய தொகைக்கு 2,50,000 டாலர் என்ற உச்சவரம்பும் உண்டு.

வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையையும் நிரப்ப வேண்டும். அந்த விவரத்தை மறைப்பவர்களுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நிறுவனத்தின் முக்கிய முடிவுகள் எல்லாம் இந்தியாவில் இருந்தே எடுக்கப்பட்டால், அந்த நிறுவனத்தையே இந்திய வரி வசிப்பாளராகக் கருதும் விதியும் உண்டு. “ஆன்லைன்லதானே தொடங்கினேன்” என்பது எந்த வரி அலுவலகத்திலும் பதிலாகாது. ஒரு நல்ல ஆடிட்டருக்குக் கொடுக்கும் கட்டணம், பின்னால் வரும் நோட்டீஸைவிட எப்போதும் குறைவு.

கம்பெனி மூடினால் குடும்பம் என்ன ஆகும்?

யாரும் விளம்பரத்தில் சொல்லாத கேள்வி இது. குடியிருப்பு அனுமதி உங்கள் பெயரில் இருந்தாலும், அது நிற்பது உங்கள் நிறுவனத்தின் காலில். எந்தத் தொழிலுக்காக அனுமதி தரப்பட்டதோ அந்தத் தொழில் நின்றுவிட்டால், அனுமதிக்கான காரணமும் போய்விடுகிறது. அதன்பிறகு வேறு அடிப்படையில், உதாரணமாக ஒரு வேலையில் சேர்ந்து, புதிதாக அனுமதி தேட வேண்டும். இல்லையென்றால் திரும்ப வேண்டியதுதான்.

ஸ்டார்ட்-அப் என்றாலே பாதியில் நிற்கும் வாய்ப்பு அதிகம். இது தொழில்துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. தனியாக இருக்கும் 25 வயதுக்காரருக்கு அது ஓர் அனுபவம். பிள்ளையை அங்கே பள்ளியில் சேர்த்து, மனைவியோ கணவரோ இங்கே வேலையை விட்டு வந்திருந்தால், அது குடும்பமே அனுபவிக்கும் அதிர்ச்சி.

இது எஸ்டோனியாவுக்கு மட்டும் பொருந்துவதில்லை. நெதர்லாந்தின் ஸ்டார்ட்-அப் அனுமதி ஓர் ஆண்டுதான். அதற்கும் அங்கீகரிக்கப்பட்ட ஒரு வழிகாட்டி நிறுவனத்தோடு ஒப்பந்தம் வேண்டும். பிரிட்டன் 2019-ல் தொடங்கிய ஸ்டார்ட்-அப் விசாவை 2023-ல் புதியவர்களுக்கு மூடிவிட்டு, ‘இன்னோவேட்டர் ஃபவுண்டர்’ என்ற வேறு விசாவைக் கொண்டுவந்தது. அதிலும் அங்கீகாரம் கொடுத்த அமைப்பு, தொழில் ஒழுங்காக நடக்கிறதா என்று இடையிடையே பார்க்கும். அரசுகள் விதியை மாற்றும். நண்பர் 2 வருடத்துக்கு முன் போன பாதை உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஐந்து ஆண்டு தாண்டினால்?

எஸ்டோனியாவில் தொடர்ந்து 5 ஆண்டு சட்டப்படி வசித்தவர்கள் நீண்டகால வசிப்பாளர் நிலைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு நிலையான வருமானம் வேண்டும், எஸ்டோனிய மொழியில் பி1 நிலைத் தேர்ச்சியும் வேண்டும். தமிழில் நமக்கு எட்டு வேற்றுமை, அந்த மொழியில் 14. அலுவலகத்தில் ஆங்கிலம் போதும் என்று மொழியைத் தள்ளிப்போட்டவர்கள் ஐந்தாவது வருடம் அவசர அவசரமாக வகுப்பு தேட வேண்டியிருக்கும்.

குடியுரிமைக்குப் பொதுவாக 8 ஆண்டு வசித்திருக்க வேண்டும். புதிதாகக் குடியுரிமை பெறுபவர் பழைய குடியுரிமையை விட்டுவிட வேண்டும். இந்தியாவும் இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. ஆக, ஒரு நாள் பாஸ்போர்ட்டைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் வரும்.

அப்படியென்றால் போகவே கூடாதா?

தாராளமாகப் போகலாம். 65,000 யூரோ கேட்காமல், யோசனையையும் குழுவையும் பார்த்து ஒரு நாடு கதவைத் திறப்பது சாதாரண விஷயம் இல்லை. சரியான தொழில் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

ஆனால், இந்த வாய்ப்பை விற்பவர்கள் பேசும் மொழி மாற வேண்டும். நாட்டுக்குள் நுழையவே உதவாத ஓர் அட்டைக்கு ‘ரெசிடென்சி’ என்று பெயர் வைத்த நாட்டுக்கும் இந்தக் குழப்பத்தில் பங்கு இருக்கிறது. தன் இணையதளத்தில் அது விளக்கம் எழுதியிருக்கிறது, உண்மைதான். ஆனால், பெயர் போய்ச் சேரும் வேகத்தில் விளக்கம் போய்ச் சேருவதில்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட்கள் பிழைக்கிறார்கள். ‘ஐரோப்பியக் குடியிருப்பு உறுதி’ என்று சொல்லி அட்டைக்கு மட்டும் விண்ணப்பம் போட்டுக் கொடுத்துக் கட்டணம் வாங்குவது, சேவை என்று சொல்லிக்கொள்ளத் தகுதியற்ற வேலை.

ராஜினாமா கடிதம் எழுதுவதற்கு முன்பு மூன்று கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து பதில் எழுதிவிடுங்கள். கையில் வரப்போவது அட்டையா, விசாவா, குடியிருப்பு அனுமதியா? கமிட்டி மறுத்துவிட்டால் இதே தொழிலை இங்கிருந்தே நடத்த முடியுமா? போய் 18 மாதத்தில் கம்பெனி நின்றுவிட்டால், திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் அதன்பிறகு ஆறு மாத வீட்டுச் செலவுக்கும் பணம் தனியாக இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் ‘இல்லை’ என்றால், பயணத்தை ஓர் ஆண்டு தள்ளிவைப்பதில் தவறில்லை. அந்த ஓர் ஆண்டில் முதல் பத்து வாடிக்கையாளரைப் பிடித்துவிட்டால், தாலின் கமிட்டியின் முன் வைக்க அதைவிட நல்ல ஆவணம் வேறு இருக்காது.