புற்றுமண்ணும் மெத்தை இருக்கையும்

ஆடித்தபசு தரிசித்துச் சங்கரன்கோவிலிலிருந்து புற்றுமண் பிரசாதத்துடன் இல்லம் திரும்பும் முதியோர் முதலில் அமர்வது சோபாவில்தான். நெற்றியிலிட்ட மண்ணும் திருநீறும் உறையில் உதிரும். ஈரத்துணியால் துடைத்தால் மண் குழைந்து பஞ்சினுள் இறங்கிவிடும். நன்கு உலர்ந்தபின் பிரஷ்ஷினால் தட்டி எடுப்பதே முறை. மஞ்சள் கறைக்குச் சோப்பு ஆகாது. காரம் பட்டால் சிவக்கும். (குங்குமம் பிறப்பதே அவ்வாறுதானே!) வெயிலில் காயவைத்தால் மங்கிவிடும்.

விஷ ஜந்துக்கள் அணுகாதிருக்கப் பாம்பு, தேள் உருவங்களைக் காணிக்கையிடுவது இத்தலத்து வழக்கம். மெத்தைக்குள் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகளும் உண்டு. முதியோரின் இரவு இளைப்புக்கு அவையும் ஒரு காரணம். அவை நீர் அருந்துவதில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழும். ஆதலால் திண்டுகளை வாரந்தோறும் நல்ல வெயிலில் உலர்த்தித் தட்டுதல் வேண்டும். இளைப்புள்ளவர் அப்போது அருகில் நிற்றலாகாது. உறைகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சிகள் மடியும்.