மொழி உறவு மட்டும் போதாது

2008 மறுவரையறையில் புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதி இல்லாமல் போனது. 2009 தேர்தலிலிருந்து புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சியோடும், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையோடும், விராலிமலை கரூரோடும், அறந்தாங்கி ராமநாதபுரத்தோடும் வாக்களிக்கின்றன. ஆறு சட்டமன்றத் தொகுதிகள், நான்கு எம்.பி.க்கள், புதுக்கோட்டை மாவட்டத்துக்கென்று ஒருவரும் இல்லை. தொகுதி மறுவரையறையை எதிர்த்துத் தென்மாநிலங்கள் ஒன்றுசேர வேண்டும் என்ற பேச்சு இங்கே காதில் விழும்போது அது வெறும் பேச்சாகத் தெரிவதில்லை.

எதை நம்பி ஒன்றுசேர்வது? நெடுங்காலம் மொழிக்குடும்பத்தை நம்பினோம். திராவிட மொழிகளின் உறவைக் காட்டிய கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-இல் வந்தது. 1940-களில் 'திராவிட நாடு' அரசியல் முழக்கமானது. தமிழகத்துக்கு வெளியே அதற்கு ஆதரவு திரளவில்லை. 1953-இல் ஆந்திரம் பிரிந்தது, 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன, 1963-இல் தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது.

மேற்கு ஐரோப்பாவின் கெல்டிக் மக்களும் இதே பாதையில் நடந்தவர்கள்தான். அவர்களுடைய மொழிகளின் உறவை எட்வர்ட் லூயிட் 1707-லேயே எடுத்துக்காட்டினார். அவர்களை ஒன்றுசேர்க்கக் கெல்டிக் லீக் என்ற அமைப்பு 1961-இல் தோன்றியது. ஆனால் 1999-இல் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் தத்தம் அவைகளைத் தனித்தனியேதான் பெற்றன. பிரித்தானி இன்றும் பிரான்ஸுக்குள் இருக்கிறது.

இதற்கு மாறாக, மறுவரையறையை எதிர்த்து 2025 மார்ச் 22 அன்று சென்னையில் நடந்த கூட்டத்தைப் பாருங்கள். கேரளத்திலிருந்து பினராயி விஜயன், தெலங்கானாவிலிருந்து ரேவந்த் ரெட்டி, கர்நாடகத்திலிருந்து டி.கே. சிவகுமார் வந்தார்கள், பஞ்சாபிலிருந்து பகவந்த் மானும் வந்தார். ஆந்திரத்தை ஆளும் தெலுங்கு தேசம் வரவில்லை. 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் உறையவைக்கப்பட்ட மக்களவை இடங்களின் பங்கீடு மாறினால் யாருக்கு நட்டமோ அவர்கள் கூடினார்கள். கூட்டணிக் கணக்கு வேறாக இருந்தவர்கள் விலகி நின்றார்கள். இதில் எனக்கு வருத்தமில்லை. பொது நலனால் கூடுகிறவர்களிடம்தான் கணக்குக் கேட்க முடியும்.

ஆனால் அந்தக் கூட்டில் தண்ணீர் பேசப்படாதவரை அது நிலைக்காது. காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது இந்த மாவட்டத்துக் குன்னத்தூரில். மாயனூர் கதவணையிலிருந்து சுமார் 262 கி.மீ. கால்வாய் வெட்டி, வெள்ளக்காலத்தில் வீணாகும் நீரை வறண்ட கண்மாய்களுக்குக் கொண்டுவரும் திட்டம் அது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது, இன்று தொகுதிக்காகக் கைகோக்கும் கர்நாடகம். அதே கர்நாடகம் காவிரியில் கட்ட நினைக்கும் மேகதாட்டு அணையை நாம் எதிர்க்கிறோம்.

தென்மண்டலக் கவுன்சில் ஒன்று இருக்கிறது. அதன் தலைவர் ஒன்றிய உள்துறை அமைச்சர். முதல்வர்கள் தாங்களே கூட்டி, தாங்களே நடத்தும் நிலையான அவை வேண்டும். அதன் முதல் கூட்டத்திலேயே மறுவரையறையோடு குண்டாற்றையும் மேகதாட்டையும் எடுக்க வேண்டும்.