இரண்டு இருக்கைகளின் உண்மை விலை

1989-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது மாஸ்டா மியாட்டா காரின் தொடக்க விலை 13,800 டாலர். இன்றைய பண மதிப்பில் அது ஏறத்தாழ 35,000 டாலர். 2024-ஆம் ஆண்டின் மாடலோ 29,000 டாலரையொட்டியே தொடங்கியது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், கூரை திறக்கும் இந்த இரட்டை இருக்கை கார் மலிந்திருக்கிறது. ஆயினும், அதனுடன் போட்டியிட்ட ஹோண்டா எஸ்2000, பான்டியாக் சால்ஸ்டிஸ் இரண்டும் 2009-லேயே உற்பத்தியை முடித்துக்கொண்டன.

விலைச்சீட்டில் காணப்படாத செலவுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்பது என் கருத்து. டிக்கியின் கொள்ளளவு சுமார் 130 லிட்டர்தான். துணிக்கூரை நெடுஞ்சாலை இரைச்சலை முழுமையாகத் தடுப்பதில்லை. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்பதை என்ன செய்வது? குழந்தை பிறந்ததும் இன்னொரு கார் தேவைப்படும். அதன் காப்பீடு, நிறுத்துமிடம், தேய்மானம் ஆகியவற்றையும் சேர்த்தே மியாட்டாவின் விலையைக் கணக்கிட வேண்டும்.

இக்குறைகளை நீக்கப் புகுந்தால் எடை கூடிவிடும். ஏறத்தாழ 1,060 கிலோ என்பதால்தான் 181 குதிரைத்திறனே அதற்குத் தாராளமாகிறது. மாஸ்டா அந்தப் பிடிவாதத்தைக் கைவிடாதது பாராட்டத்தக்கது.

எனினும், பேருந்தும் ரயிலும் அரிதான அமெரிக்க நகரங்களில், மாதத்தவணையில் ஒரே காரை வாங்கும் இளம் தம்பதியருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய், வாசலில் பழைய செடான் ஒன்று கடனின்றி நிற்கும் வீட்டில் கணக்கு வேறு. அங்கேயும் புதியதைவிட, ஒருவர் ஓட்டி விற்ற மியாட்டாவே சிக்கனம்; முதல் சில ஆண்டுகளின் தேய்மானத்தை அவர் ஏற்றுக்கொண்டிருப்பார்.