சாவி கொடுத்தால் பாடும் பெட்டி



1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு அந்த இரவுகள் மறக்காது. போர்க்காலம்; மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் தயவில் ரேடியோச் செய்தி கேட்டோம். எங்கள் வீட்டில் அந்தச் சைக்கிளுக்குப் பக்கத்து மேசையில்தான் அம்மப்பாவின் கிராமபோன் இருந்தது. மின்சாரமே கேட்காத பெட்டி. ஆனாலும் அது பாடவில்லை. "பழுதாய்ப் போச்சு" என்று பெரியவர்கள் சொன்னார்கள். நாங்களும் திறந்து பார்க்கவில்லை.

1995 ஒக்டோபர் இடப்பெயர்விலும் எப்படியோ தப்பிய அந்தப் பெட்டியைப் போன மாதம் மணிக்கூடு திருத்தும் ஒரு முதியவரிடம் கொண்டுபோனேன். ஸ்குறூவைத் தொடுவதற்கு முன்பே சொன்னார்: "முதலிலை ஸ்பிறிங்கின்ரை முறுக்கை இறக்கவேணும், தம்பி. இறக்காமல் கூட்டைத் திறந்தால் கையை வெட்டிப்போடும்."

கூட்டைத் திறந்தால், கிறீஸ் தாராக இறுகிக் கிடந்தது. ஸ்பிறிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஆறுதலாகத் துடைத்து, புதுக் கிராபைட் கிறீஸ் பூசினார். அடுத்தது கவர்னர். மெல்லிய தகடுகளில் மூன்று ஈயக் குண்டுகள். வேகம் கூடினால் அவை விரியும்; விரியும்போது ஒரு வட்டத் தட்டை இழுத்துச் சிறு தோல் துண்டோடு உரசவைக்கும். நிமிடத்துக்கு 78 சுற்று என்ற கணக்கு அப்படித்தான் நிற்கிறது. அந்த இடத்தில் எப்போதோ யாரோ விட்ட தேங்காயெண்ணெய் பிசினாகியிருந்தது. தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டுத்தான் வேண்டுமாம். ஒலிப்பெட்டியில் கல்லாகிப்போன றப்பர் வளையங்களை மாற்றியதும், மைக்காத் தகட்டின் அதிர்வு தெளிந்தது.

வீட்டில் பழைய இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு அவர் சொன்னவை: தட்டு அரக்கில் செய்தது, ஸ்பிரிட்டால் துடைத்தால் கரையும். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி போடுங்கள். தேய்ந்த ஊசி தட்டைத் தின்னும். மரப்பெட்டியைப் பளபளப்பாக்கவென்று பழைய வார்னிஷைச் சுரண்டாதீர்கள்.

அன்று பின்னேரம் நாதஸ்வர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத் தட்டை வைத்தோம். குசினியில் இருந்த அம்மா கை துடைத்தபடி வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். தட்டு முடிந்ததும், "கறன்ற் இல்லாத காலத்திலை இதைக் கேட்டிருக்கலாமே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு கரண்டிக் கிறீஸ் இல்லாமல் அத்தனை ஆண்டுகள் மௌனமாக இருந்திருக்கிறது அது.

உங்கள் வீட்டிலும் "பழுது" என்று ஒதுக்கிய பெட்டி இருக்கலாம். உங்கள் ஊரில் அதைக் கழட்டிப் பூட்டத் தெரிந்த முதியவர் ஒருவரும் இருக்கலாம். இரண்டையும் இந்த மாதமே சந்திக்கவையுங்கள். போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்; அந்தக் கைகள் வேலை செய்வதை அவர்கள் பார்க்கவேண்டும். பெட்டி என்ன பாடியதென்று எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்