வைட்டமின் டி: அணுக்களை எண்ணிச் சிகிச்சையை முடிவு செய்யக் கூடாது

மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் உள்ளவர்களுக்கு வைட்டமின் டி பலன் தருகிறதா என்று பார்க்க, ரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்பு அணுக்களை எண்ணும் பரிசோதனை ஆய்வுகளுக்குள் மட்டுமே நடக்க வேண்டும். அதை வைத்து எந்த நோயாளிக்கும் மாத்திரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இதுவே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 40 நோயாளிகள் ஆறு மாதம் வைட்டமின் டி எடுத்தார்கள். தினமும் 800 யூனிட் எடுத்தவர்களிடம் காணாத ஒரு மாற்றம், 10,400 யூனிட் எடுத்தவர்களிடம் தெரிந்தது: அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-17ஐச் சுரக்கும் சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் குறைந்தன. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் நெதர்லாந்தில், இந்த நோய்க்கான இன்டர்ஃபெரான் ஊசி போட்டுவந்தவர்களுக்கு 48 வார ஆய்வில் தினம் சுமார் 14,000 யூனிட் வரை கொடுத்தும், எதிர்ப்பாற்றலைக் கட்டுக்குள் வைக்கும் அணுக்களின் விகிதம் போலி மருந்து எடுத்தவர்களிடமிருந்து வேறுபடவில்லை.

முடிவுகள் இப்படி வேறுபடுவதற்காக எந்த ஆய்வையும் நாங்கள் குறை சொல்லவில்லை. அளப்பதே கடினமான வேலை. எடுத்த ரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரித்து, ரசாயனத்தால் தூண்டி, ஒளிரும் சாயம் ஏற்றி எண்ண வேண்டும். உறைய வைத்த அணுவும் புதிய அணுவும் ஒரே கணக்கைத் தருவதில்லை. உடன் எடுக்கும் இன்டர்ஃபெரானே இந்த அணுக்களை மாற்றுகிறது. போதாததற்கு, நோய் நடப்பது மூளையிலும் தண்டுவடத்திலும். நாம் எண்ணுவதோ கைச் சிரையில் எடுத்த ரத்தத்திலுள்ள அணுக்களை.

நோயாளிக்கு வேண்டிய பதில், நோய்த் தாக்குதலையும் ஸ்கேனையும் பார்க்கும் ஆய்வுகளிலிருந்துதான் வருகிறது. இதே நோய்க்கான கிளாட்டிராமர் மருந்தோடு தினம் 5,000 யூனிட் எடுத்தவர்களுக்கு, 600 யூனிட் எடுத்தவர்களைவிட நோய்த் தாக்குதல் குறையவில்லை என்று 2023இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2025இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், முதல் அறிகுறி கண்டவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1,00,000 யூனிட் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் நோய்ச் செயல்பாடு (புதிய தாக்குதல் அல்லது ஸ்கேனில் மாற்றம்) 60.3 சதவீதம் பேரிடம் தெரிந்தது. போலி மருந்து எடுத்தவர்களில் அது 74.1 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்தது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான்.

இனி நடக்கும் ஆய்வுகள், எந்த அணுவை எண்ணப்போகிறோம் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அந்த எண்ணிக்கையை அதே நோயாளியின் ஸ்கேனோடு ஒப்பிட வேண்டும். மாற்றம் இல்லையென்றாலும் முடிவை வெளியிட வேண்டும்.

நோயாளிகளுக்கு இன்று ரத்தத்தில் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி அளவு தெரிந்தால் போதும். குறைபாடு இருந்தால் சரிசெய்ய வேண்டும். அதிக அளவு எடுப்பவர்கள் கால்சியத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வைட்டமின் டியை நம்பி நரம்பியல் மருத்துவர் தந்த மருந்தை யாரும் நிறுத்த வேண்டாம்.